யாரிடம் போய்ச் சொல்வது? மதகுருக்களின் பாலியல் வன்கொடுமை பற்றி ஓர் எளிய அறிமுகம்

இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் கேட்பார்: "வீட்டில் நடக்கவில்லையா, பள்ளிக்கூடத்தில் நடக்கவில்லையா? சாமியார்களை மட்டும் எதற்குத் தனியாகப் பிடித்துப் பேச வேண்டும்?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் வீட்டாரும் உறவினரும் தெரிந்தவர்களும்தான். மதகுருக்கள் செய்வது அதில் ஒரு பகுதி. ஆனால் வேறு இடத்தில் அடிபட்ட பிள்ளை கோயிலிலோ தேவாலயத்திலோ போய் உட்கார்ந்து அழலாம், சாமியிடம் முறையிடலாம். முறையிடப் போகிற இடத்திலேயே அடி விழுந்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

இதில் கத்தோலிக்கத் திருச்சபையை வைத்தே அதிகம் பேசப்போகிறேன். அங்கே மட்டும்தான் நடக்கிறது என்பதால் இல்லை. அரசு விசாரணைகள், நீதிமன்ற ஆவணங்கள், திருச்சபையே பணம் கொடுத்து நடத்திய ஆய்வுகள் என்று எழுத்தில் பதிவானது அங்கேதான் அதிகம்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடலாம். பாதிரியார், ஆயர் (பிஷப்), பாஸ்டர், மௌலவி, மடாதிபதி, ஆசிரமத்துச் சாமியார் என்று யாராக இருந்தாலும், மதத்தில் தனக்கு இருக்கும் இடத்தைப் பயன்படுத்தி ஒருவரைப் பாலியல்ரீதியாகச் சுரண்டுவதுதான் இது. பாதிக்கப்படுகிறவர் குழந்தையாக இருக்கலாம். வயது வந்தவராகவும் இருக்கலாம். குடும்பப் பிரச்சினைக்கு ஆலோசனை கேட்டு வந்த பெண், ஆயரின் அதிகாரத்துக்குக் கீழே இருக்கும் கன்னியாஸ்திரி, பாதிரியாராகப் படித்துக்கொண்டு இன்னும் குருப்பட்டம் வாங்காத மாணவர் இவர்களெல்லாம் சட்டப்படி பெரியவர்கள்தான். ஆனால் எதிரே நிற்பவரிடம் 'முடியாது' என்று சொல்லும் நிலைமையில் அவர்கள் இல்லை. கன்னியாஸ்திரிகளைக் குருக்கள் பாலியல்ரீதியாகத் துன்புறுத்துவது உண்மை என்று போப் பிரான்சிஸ் 2019 பிப்ரவரியில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

டப்ளினில் ஒரு சிறுமி

மேரி காலின்ஸ் என்ற அயர்லாந்துப் பெண்மணியின் அனுபவத்தைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். அவரே வெளியுலகுக்குச் சொன்னது இது. 1960-ல் அவருக்கு 13 வயது. டப்ளினில் க்ரம்லின் பகுதியில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் நோயாளியாகப் படுத்திருந்தார். அங்கே ஆன்மிகப் பணிக்கு வந்த இளம் குரு ஒருவர் அவரிடம் தவறாக நடந்துகொண்டார், படங்களும் எடுத்தார். சிறுமி எதிர்த்தபோது அந்தக் குரு சொன்ன பதில், தான் ஒரு குருவானவர், தன்னால் தவறு செய்ய முடியாது என்பது.

அந்த வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய குழப்பம் வேறு என்ன வேண்டும்? முந்தின இரவு தன் உடம்பில் அத்துமீறிய அதே விரல்கள் மறுநாள் காலையில் தனக்கு நற்கருணை (பூசையில் தரும் புனித அப்பம்) கொடுத்ததாக 2012-ல் ரோமில் நடந்த ஒரு கருத்தரங்கில் அவர் சொன்னார். படம் எடுத்த கை, பகலில் ஜெபப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்க வந்தது. 'சாமியார் தவறு செய்ய மாட்டார்' என்பது அந்தப் பிள்ளைக்கு ஊட்டி வளர்க்கப்பட்ட பாடம். அப்படியானால் நடந்த தவறு யாருடையது? தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். தான் மதத்துக்கு எதிராகத் திரும்பவில்லை, தனக்கு எதிராகவே திரும்பினேன் என்று அவர் அங்கே குறிப்பிட்டார். மருத்துவமனைக்குள் போன பிள்ளை வேறு, வெளியே வந்த பிள்ளை வேறு. மனச்சோர்வும் பதற்றமும் பல ஆண்டுகள் அவரைவிட்டுப் போகவில்லை.

கால் நூற்றாண்டு கழித்து, 1985-ல், தன் பங்கில் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் பகுதி) இருந்த ஒரு குருவிடம் அவர் விஷயத்தைச் சொன்னார். அந்தக் குரு, செய்தவரின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ள விரும்பவில்லை. தவறு ஒருவேளை உன்னுடையதாக இருக்கும், உனக்குப் பாவமன்னிப்புத் தருகிறேன் என்கிற மாதிரிப் பேசி அனுப்பிவிட்டார். மேரி மறுபடி வாயை மூடிக்கொண்டார். அடுத்த பத்து ஆண்டுகள் அப்படியே போயின.

பிறகு வெளியே வந்த உண்மை இன்னும் கசப்பானது. 1960-லேயே அந்தக் குரு எடுத்த படச்சுருள் கழுவுவதற்காக இங்கிலாந்துக்குப் போயிருக்கிறது. படங்களைப் பார்த்துத் திடுக்கிட்ட ஸ்டுடியோக்காரர்கள் லண்டன் காவல்துறையான ஸ்காட்லாந்து யார்டுக்குச் சொல்ல, அவர்கள் அயர்லாந்துக் காவல்துறைத் தலைவருக்குச் சொல்ல, அவர் விசாரணை நடத்தாமல் விஷயத்தை டப்ளின் பேராயரிடம் ஒப்படைத்துவிட்டார். பேராயர் இதில் குற்றம் எதுவும் இல்லை என்று முடிவுகட்டினார். பேராயர் இல்லத்துக் கோப்பில் எல்லாம் பத்திரமாக இருந்தது. அந்தக் குருவுக்குத் தண்டனை கிடைத்தது 1997-ல்.

உள்ளே என்ன நடக்கிறது

மேரி காலின்ஸுக்கு நடந்ததில் இருக்கும் சில கூறுகள் நாடு, மதம் பாராமல் திரும்பத் திரும்ப வருகின்றன. தூக்கமின்மை, கெட்ட கனவு, குடி, போதை, உறவுகளில் நெருங்க முடியாமை, தற்கொலை எண்ணம் எல்லாம் எந்தப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகும் வரக்கூடியவை. மதகுரு செய்யும்போது இவற்றோடு இன்னொன்று சேர்கிறது. பாதிக்கப்பட்டவருக்குக் கடவுளோடு இருந்த உறவும் அடிவாங்குகிறது.

சாம்பிராணி வாசனை, கோயில் மணி, ஒரு குறிப்பிட்ட பாட்டு, வெள்ளை அங்கி என்று மற்றவர்களுக்கு ஆறுதல் தருகிற எல்லாமே இவர்களுக்கு அந்த நாளைத் திரும்பக் கொண்டுவருகின்றன. சொந்த அப்பாவின் இறுதிச் சடங்குக்குத் தேவாலயத்துக்குள் போக முடியாமல் வாசலில் நிற்பவர்கள் உண்டு. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா வேண்டாமா என்பதே வீட்டில் சண்டையாகும். சிலர் நம்பிக்கையை மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். சிலர் சபையை விட்டுவிட்டுக் கடவுளை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் இன்னும் இறுக்கமாக மதத்தைப் பற்றிக்கொள்கிறார்கள். மூன்றில் எதுவும் பலவீனம் இல்லை. வெளியிலிருந்து பார்த்து 'இவ்வளவு நடந்தும் இன்னும் பூசைக்குப் போகிறாளே, அப்படியானால் பொய்தான்' என்று பேசுகிறவர்களுக்கு இது புரிவதில்லை.

பேச ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பது பலருக்கு வரும் அடுத்த சந்தேகம். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை அரசு அமைத்த ராயல் கமிஷன் என்ற விசாரணை ஆணையம், எல்லா நிறுவனங்களிலும் குழந்தைகளுக்கு நடந்த பாலியல் குற்றங்களைப் பற்றி விசாரித்தது. 8,000-க்கும் மேற்பட்டவர்களை ஒவ்வொருவராகத் தனியறையில் உட்காரவைத்துக் கேட்டது. நடந்ததை முதன்முதலில் யாரிடமாவது சொல்ல அவர்களுக்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்து வயதில் நடந்ததை முப்பத்து நான்கு வயதில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரணங்களை யோசித்தால் ஒன்றும் ஆச்சரியமாக இருக்காது. சின்ன வயதில் நடந்ததைச் சொல்ல வார்த்தை இல்லை. சொன்னாலும் அடிதான் விழும் என்ற பயம். பங்குச்சாமியார் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவது குடும்பத்துக்கே கௌரவம். குற்றம் செய்கிறவர் பெரும்பாலும் அம்மா அப்பாவின் நம்பிக்கையைத்தான் முதலில் சம்பாதிக்கிறார். பீஸ் கட்ட உதவுவார், பையனை வேனில் சுற்றுலா கூட்டிப்போவார், "உங்க பிள்ளைக்கு இறை அழைத்தல் இருக்கு" என்பார். இத்தனைக்கும் பிறகு அந்தப் பையன் வந்து எதைச் சொல்வான்? அமெரிக்க ஆயர்கள் கேட்டு ஜான் ஜே கல்லூரி 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள் மீது 10,667 பேர் புகார் சொல்லியிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண் பிள்ளைகள். பூசைக்கு உதவி செய்யப் போன சிறுவர்கள் அதில் பலர். ஆண் பிள்ளை இதைச் சொல்ல இன்னும் கூச்சப்படுவான் என்பதும் குற்றவாளிக்குச் சாதகமாகிவிடுகிறது.

இன்னொரு ஆயுதமும் இருக்கிறது. 'மன்னித்துவிடு' என்கிற வார்த்தை. மன்னிப்பு எல்லா மதங்களிலும் உயர்ந்த விஷயம்தான். ஆனால் காயம் பட்டவர் தன் வாயால் சொல்லும்வரை அதை அவரிடமிருந்து பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை. குற்றம் விசாரிக்கப்படும் முன்பே மன்னிப்பைக் கேட்டு வாங்குவது விசாரணையைத் தவிர்க்கும் வழி. நம்மூரில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. சாமியாரைப் பற்றித் தப்பாகப் பேசினால் சாமி குத்தமாகிவிடும் என்பார்கள்.

இரண்டாவது அடி

பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களைத் தொடர்ந்து படித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். பலருக்கு, அந்த ஆள் செய்ததைவிட, சொன்ன பிறகு சபை நடந்துகொண்ட விதம்தான் ஆறாத காயமாக இருக்கிறது. ஜெனிஃபர் ஃபிரைட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை 'நிறுவனத்தின் துரோகம்' என்கிறார். நாம் நம்பிச் சார்ந்திருக்கும் அமைப்பு, நம்மைக் காப்பதற்குப் பதில் தன்னைக் காத்துக்கொள்வது.

பாஸ்டன் நகரம் இதற்குப் பெயர்போன உதாரணம். ஜான் கெகன் என்ற குருவைப் பற்றி 130-க்கும் மேற்பட்டவர்கள் புகார் சொன்னார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் அவர் ஆறு பங்குகளுக்கு மாற்றப்பட்டிருந்தார். ஒரு பங்கில் புகார் எழும். சிகிச்சை என்றோ ஓய்வு என்றோ கொஞ்ச நாள் அனுப்புவார்கள். அப்புறம் புதிய பங்கில் புதிய சிறுவர்கள். அங்குள்ள பெற்றோருக்கு எதுவும் தெரியாது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஏழு சிறுவர்கள் பாதிக்கப்பட்டிருக்க, அவர்களின் உறவினரான ஒரு பெண்மணி 1982-ல் அப்போதைய கர்தினாலுக்குக் கடிதம் எழுதினார். பிள்ளைகள் நலனுக்காகச் சும்மா இருங்கள் என்று தங்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை தங்கள் புத்தியை அவமதிப்பது என்று அதில் காட்டமாகவே கேட்டிருந்தார். 1984-ல் ஒரு துணை ஆயரே பேராயருக்கு எழுதி எச்சரித்தார். கெகன் தொடர்ந்து பணியில் இருந்தார்.

2002 ஜனவரியில் பாஸ்டன் குளோப் பத்திரிகை இந்த ஆவணங்களை வெளியிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் பாஸ்டன் பேராயரான கர்தினால் பெர்னார்டு லா பதவி விலகினார். அடுத்த ஆண்டு 552 பேருக்கு 8.5 கோடி டாலர் இழப்பீடு தர மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழ் வரும் நிர்வாகப் பகுதி) ஒப்புக்கொண்டது. லா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? 2004-ல் ரோமின் நான்கு பெரிய பேராலயங்களில் ஒன்றுக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். அந்தச் செய்தியைப் பாஸ்டனில் உட்கார்ந்து படித்த பாதிக்கப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது அடி என்பது அதுதான்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? எல்லா ஆயர்களும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம், ஆனால் அது உண்மையில்லை. பாவம் என்றார்கள், நோய் என்றார்கள், குற்றம் என்று மட்டும் பார்க்கவில்லை. பாவமென்றால் பாவசங்கீர்த்தனம், நோயென்றால் சிகிச்சை, இரண்டிலும் போலீஸ் வருவதில்லை. குருக்களுக்குத் தட்டுப்பாடு வேறு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, விஷயம் வெளியே தெரிந்தால் எளிய மக்களின் விசுவாசம் போய்விடும் என்ற பயம். டப்ளின் மறைமாவட்டத்தை விசாரித்த மர்ஃபி ஆணையம் 2009-ல் இதைப் பூசிமெழுகாமல் எழுதியது. ரகசியம், அவப்பெயர் வராமல் பார்த்துக்கொள்வது, சபையின் பெயர், சபையின் சொத்து இவைதான் முன்னால் நின்றன. பிள்ளைகளின் நலன் பின்னால் போய்விட்டது.

திருமணம் செய்துகொள்ளாததுதான் காரணம் என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் சதர்ன் பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபையில் போதகர்கள் திருமணமானவர்கள், அங்கே போப்பும் இல்லை, ஆயரும் இல்லை. 2022-ல் வந்த விசாரணை அறிக்கையில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் 700 பேருக்கு மேல் அடங்கிய பட்டியலை அந்தச் சபையின் தலைமை அலுவலகமே ரகசியமாக வைத்திருந்தது தெரியவந்தது. துறவறமோ குடும்பமோ, கேள்வி கேட்க முடியாத அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே ஆபத்து இருக்கிறது. குருக்களைச் சாதாரண மனிதர்களுக்கு மேலே தூக்கிவைக்கும் மனப்போக்கையே 2018 ஆகஸ்டில் போப் பிரான்சிஸ் தன் கடிதத்தில் சாடினார்.

சபைக்கு என்ன ஆகிறது

பாதிக்கப்பட்டவர் ஒருவர், குற்றவாளி ஒருவர் என்று இது நிற்பதில்லை. சுற்றியிருக்கும் கூட்டமே உடைகிறது. சிலி நாட்டில் ஓசோர்னோ என்ற சிறு நகரம். 2015-ல் அங்கே ஹுவான் பாரோஸ் என்பவரைப் புதிய ஆயராகப் போப் நியமித்தார். பல சிறுவர்களைச் சீரழித்ததாக வத்திக்கானே 2011-ல் தண்டித்த கராதிமா என்ற குருவின் சீடர் இவர். நடந்தது எல்லாம் இவருக்குத் தெரியும் என்று பாதிக்கப்பட்டவர்கள் சொன்னார்கள். தெரியாது என்று அவர் மறுத்தார்.

பதவியேற்பு நாளன்று பேராலயத்துக்குள்ளேயே மக்கள் கறுப்பு உடை உடுத்திவந்து எதிர்த்துக் கூச்சல் போட்டார்கள். ஆயரின் ஆதரவாளர்கள் இன்னொரு பக்கம் நின்று பதில் முழக்கமிட்டார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேண்டியவர்கள் இரண்டு அணியானார்கள். எதிர்த்தவர்களை இடதுசாரிகளின் பேச்சைக் கேட்டு முட்டாள்தனமாக அலைகிறவர்கள் என்று போப்பே பேசிய வீடியோ ஒன்று வெளியே வந்தது. 2018 ஜனவரியில் சிலிக்குப் போனபோதும், ஆதாரம் இல்லை, எல்லாம் அவதூறு என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். எதிர்ப்பு வலுத்ததும் போப், மால்டாப் பேராயர் ஷிக்லூனாவை அனுப்பி விசாரிக்கச் சொன்னார். அறிக்கையைப் படித்ததும், தான் பெரிய தவறு செய்துவிட்டதாக ஏப்ரலில் எழுத்தில் ஒப்புக்கொண்டார். பாதிக்கப்பட்ட மூவரை வத்திக்கானுக்கு அழைத்து நேரில் மன்னிப்புக் கேட்டார். மே மாதம் சிலியின் ஆயர்கள் எல்லாரும் ஒட்டுமொத்தமாக ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். ஜூனில் பாரோஸின் ராஜினாமா ஏற்கப்பட்டது. அந்த மாதமே ஷிக்லூனா ஓசோர்னோ பேராலயத்தில் மண்டியிட்டு, போப் சார்பில் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். மூன்று ஆண்டுகளாக முட்டாள்கள் என்று பேரெடுத்திருந்தவர்கள் முன்னால்.

பாஸ்டனில் பங்குகளே மூடப்பட்டன. ஆள் குறைவு, குருக்கள் குறைவு, பணம் இல்லை என்று 2004-ல் அறுபதுக்கும் மேற்பட்ட பங்குகளை மூடப்போவதாக மறைமாவட்டம் அறிவித்தது. இழப்பீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது. மக்கள் நம்பவில்லை. பேராயர் குடியிருந்த மாளிகையும் நிலமும் அதே ஆண்டு பாஸ்டன் கல்லூரிக்கு விற்கப்பட்டதை அவர்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? சிச்சுவேட் என்ற கடலோர ஊரில் தங்கள் தேவாலயத்தைப் பூட்டவிடாமல் பங்கு மக்கள் 2004 அக்டோபரில் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். முறைவைத்து இரவும் பகலும் காவல் இருந்தார்கள். சட்டப் போராட்டம் உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்று, 2016 மே மாதம்தான் வெளியே வந்தார்கள். அவர்களில் யாரும் குற்றம் செய்தவர்கள் இல்லை. அந்த ஊர் மக்கள் செய்த குற்றமெல்லாம் ஒரு மறைமாவட்டத்தில் அங்கமாக இருந்ததுதான்.

பணக் கணக்கும் சின்னதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் மறைமாவட்டம் 2007-ல் 66 கோடி டாலர், 2024-ல் மேலும் 88 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் திவால் மனு போட்ட மறைமாவட்டங்கள் பல. இந்தப் பணமெல்லாம் கடைசியில் காணிக்கைத் தட்டிலிருந்து வந்ததுதானே. ஜெர்மனியில் சபையைவிட்டு வெளியேற அரசு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் எண்ணிக்கை துல்லியமாகத் தெரியும். 2022-ல் மட்டும் 5 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் அதிகமான கத்தோலிக்கர்கள் அப்படி வெளியேறினார்கள். சபை வரி மிச்சம் என்பதும் சிலருக்குக் காரணம். ஆனால் வன்கொடுமை அறிக்கைகள் வரவர இந்த எண்ணிக்கையும் எகிறியது. ஒரு காலத்தில் பத்துக்கு ஒன்பது பேர் ஞாயிறு பூசைக்குப் போன நாடு அயர்லாந்து. இன்று அந்த நாட்டின் தேவாலயங்களில் ஞாயிற்றுக்கிழமை பாதி பெஞ்சு காலி.

தவறு செய்யாத குருக்களின் நிலைமையும் சங்கடம். தெருவில் அங்கியோடு நடந்தால் சந்தேகப் பார்வை. பிள்ளைகளோடு சகஜமாகப் பேசவே தயங்குகிறார்கள். இதைச் சொன்னதும் 'அதனால்தான் இதையெல்லாம் பெரிதுபடுத்தக்கூடாது' என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அந்த நல்ல குருக்கள் மீது சந்தேகம் விழக் காரணம் புகார் கொடுத்தவர்களா, மூடிமறைத்தவர்களா? பொய்ப் புகார் வராதா என்றால், வரலாம். அதனால்தான் விசாரணை ஆயரின் மேசையில் நடக்கக்கூடாது, வெளியே சட்டப்படி நடக்க வேண்டும். நிரபராதியின் பெயரைக் காப்பாற்றுவதும் அப்படிப்பட்ட விசாரணைதான்.

நம் பக்கம்

தமிழ் வாசகர்களுக்குப் பிரேமானந்தா வழக்கு நினைவிருக்கலாம். இலங்கையின் மாத்தளையிலிருந்து 1983 கலவரத்துக்குப் பிறகு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து திருச்சிக்கு அருகே ஆசிரமம் வைத்தவர். அங்கிருந்த சிறுமிகள் பலருக்கு அந்த ஆசிரமத்தைவிட்டால் போக்கிடம் இல்லை. 1994-ல் விவகாரம் வெடித்தது. 13 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது, ஒரு கொலை ஆகியவற்றுக்காக 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மரபணுப் பரிசோதனை முக்கிய சாட்சியமாக இருந்தது. 2005-ல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்தது. 2011-ல் தண்டனைக் காலத்திலேயே இறந்தார். இத்தனைக்கும் பிறகும் அவரை மகானாக வணங்கும் பக்தர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், ஆசிரமமும் இருக்கிறது. ஒரு குரு விழுந்தால் அவரோடு தங்கள் வாழ்க்கையின் அர்த்தமே விழுந்துவிடும் என்று நினைப்பவர்கள் எந்தத் தீர்ப்பையும் ஏற்பதில்லை. ஹரியானாவில் 2017-ல் குர்மீத் ராம் ரஹீம் குற்றவாளி என்று தீர்ப்பு வந்த அன்று அவருடைய ஆதரவாளர்கள் நடத்திய கலவரத்தில் 30-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தத் தீர்ப்புக்குக் காரணமான பெண்கள் எந்த மனநிலையில் இருந்திருப்பார்கள்?

ஊட்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குருவின் கதையும் இருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பணியாற்றியபோது பதின்வயதுப் பெண்ணைப் பாலியல்ரீதியாகத் துன்புறுத்தியதாக வழக்கு. இந்தியாவுக்கு வந்துவிட்டவரை நாடுகடத்திக் கொண்டுபோனார்கள். 2015-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றுத் திரும்பினார். 2016-ல், வத்திக்கானைக் கலந்துகொண்டு, குருவாகப் பணிசெய்ய அவர்மீதிருந்த தடை நீக்கப்பட்டது. சட்டம் கொடுத்த தண்டனை முடிந்துவிட்டதே என்று வாதிடலாம். ஆனால் பாதிக்கப்பட்டவர் பக்கமிருந்து பார்த்தால் இதுவும் அந்த இரண்டாவது அடிதான்.

எது உதவுகிறது

பணம் ஓரளவுக்கு உதவும், மருத்துவச் செலவுக்கு, படிக்காமல் போன படிப்புக்கு. ஆனால் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது நம்புங்கள் என்பதைத்தான். அப்புறம், அந்த ஆள் இன்னொரு பிள்ளையிடம் போகாமல் தடுங்கள் என்பதை. ஆஸ்திரேலியாவில் 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய நிவாரணத் திட்டத்தில் இழப்பீடும் மனநல ஆலோசனையும் உண்டு. விரும்பினால், அந்த நிறுவனத்தின் பொறுப்பாளர் நேரில் வந்து கேட்டு, நடந்ததை ஏற்று, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் பாதிக்கப்பட்டவர் கோரலாம். இந்த மூன்றாவது அம்சத்தை வைத்தவர்கள் விஷயம் புரிந்தவர்கள்.

அந்த நாட்டின் பல்லாரட் நகரில் 2015-ல் கமிஷன் விசாரணை நடந்தபோது, குற்றங்கள் நடந்த பள்ளியின் வேலியில், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆதரவாக மக்கள் வண்ண வண்ண ரிப்பன்களைக் கட்டினார்கள். யாரும் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை. ஒருவர் கட்ட, மற்றவர்கள் வந்து கட்ட, வேலி நிறைந்தது. வேறு ஊர்த் தேவாலயங்களுக்கும் அது பரவியது. 2023-ல் சிட்னி பேராலய வேலியில் கட்டியவற்றை அறுத்தார்கள், மக்கள் மறுபடி கட்டினார்கள். பிரான்சில் 2021 அக்டோபரில் வந்த சோவே ஆணையத்தின் அறிக்கை, 1950-லிருந்து 2 லட்சத்து 16 ஆயிரம் சிறார்கள் குருக்களாலும் துறவிகளாலும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. அடுத்த மாதம் லூர்து நகரில் ஆயர்கள் மண்டியிட்டார்கள். இழப்பீட்டுக்குச் சபையின் சொத்துகளை விற்பதாகவும் அறிவித்தார்கள். மண்டியிடுவது முக்கியம்தான், ஆனால் சொத்தை விற்கிறேன் என்றபோதுதான் பலர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

உங்களிடம் யாராவது வந்து இப்படி நடந்தது என்று சொன்னால், குறுக்குக் கேள்வி கேட்காமல் கேளுங்கள். "ஏன் அப்பவே சொல்லல" என்பதை மட்டும் கேட்காதீர்கள். சாமியாரைக் கூப்பிட்டு நேருக்கு நேர் வைத்துப் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் இந்தியாவில் சட்டம் தெளிவாக இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டப்படி மத நிறுவனத்தில் பொறுப்பிலோ பணியிலோ இருப்பவர் அங்குள்ள குழந்தையிடம் செய்யும் குற்றத்துக்குத் தண்டனை கூடுதல். தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம், நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டுவரை சிறை. 'முதலில் ஆயரிடம் சொல்லுவோம், கமிட்டியில் வைத்துப் பேசுவோம்' என்பதற்கெல்லாம் அந்தச் சட்டத்தில் இடமில்லை. குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ யாரும் வெளியிடக்கூடாது. சின்ன வயதில் நடந்ததை வளர்ந்த பிறகும் புகார் செய்யலாம், இத்தனை ஆண்டுக்குள் என்ற கெடு இல்லை என்று மத்திய அரசு 2018-ல் விளக்கியது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, எந்த நேரமும் கூப்பிடலாம்.